கோட்டு தெரியாத டாக்டர்

(காதுக்கு மட்டும் – தொடர்)

போன வாரம் ஜெட் மார்கனையும் மிட்சையும் செவ்வாயில் விட்டுவிட்டு வந்தோம். ராக்கெட்டைக் கட்டியவனுக்கும் அதற்குத் தலைவனாக உட்கார்ந்தவனுக்கும் நடுவே புகைச்சல், சார்ல்ஸ் சில்டன் எழுதிய 1950களின் பிபிசி வானொலித் தொடர் அது. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும்.

இந்த வாரம் ஹெக்ஸ் என்ற லிவர்பூல் பையனைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். போகிற வழியில் ஒரு கோட்டு குறுக்கே வந்து நின்றுகொண்டது. ஆசிரியர் போன் செய்து, "ஹெக்ஸ் எங்கே சார்?" என்று கேட்டபோதும் நான் அந்தக் கோட்டின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோட்டும் ஹெக்ஸும் 'டாக்டர் ஹூ'வைச் சேர்ந்தவை. அதைப் பற்றித் தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: 1963 முதல் பிபிசி தொலைக்காட்சியில் வரும் அறிவியல் புனைவுத் தொடர். போலீஸ் பெட்டி வடிவிலான ஒரு வாகனத்தில் காலத்துக்குள் ஊர் சுற்றும் வேற்றுக்கிரகவாசிதான் டாக்டர். சாகிற நிலை வந்தால் உடம்பை மாற்றிக்கொள்வார். நினைவு அதேதான், முகமும் குணமும் வேறு. நடிகரை மாற்ற இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தத் தொடரும் கண்டுபிடித்ததில்லை.

1984இல் ஆறாவது டாக்டராக வந்தவர் காலின் பேக்கர். அவர் கேட்டது கறுப்பு வெல்வெட் உடுப்பு. தயாரிப்பாளர் ஜான் நாதன்-டர்னருக்கு வேறு யோசனை: ரசனை என்பதே துளியும் இல்லாத ஓர் உடை வேண்டும். உடை வடிவமைப்பாளர் பாட் காட்ஃப்ரே முதலில் வரைந்து கொடுத்தவை கொஞ்சம் பார்க்கும்படி இருந்ததால் திரும்பி வந்தனவாம். கடைசியில் வந்தது சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஊதாவும் கட்டமும் கோடுமாக, ஒன்றோடு ஒன்று பேச மறுக்கும் துணித்துண்டுகளை இழுத்துவைத்துத் தைத்த ஒரு நீளக் கோட்டு. கீழே மஞ்சள் கால்சட்டை. கழுத்தில் புள்ளி போட்ட பட்டை. கோட்டின் மடிப்பில் ஒரு பூனைச் சின்னம். பூனைப் பிரியரான பேக்கருக்கு அதுவாவது கிடைத்தது. திரையில் அவர் வந்து நின்றால் கண் கோட்டுக்குப் போகும். அவர் என்ன பேசினார் என்பது அப்புறம்தான்.

குணமும் கோட்டுக்குப் பொருத்தமாகவே அமைந்தது. முதல் கதையிலேயே, உடம்பு மாறிய குழப்பத்தில், கூடப் பயணம் செய்கிற பெரி என்ற பெண்ணின் கழுத்தை நெரிக்கிறார். பேக்கரிடம் ஒரு திட்டம் இருந்தது. 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் டார்சியைப் போல, ஆரம்பத்தில் யாருக்கும் பிடிக்காத ஆளாக இருந்து, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இருப்பதைக் காட்டுவது. நல்ல திட்டம். அதற்கு வருடங்கள் வேண்டுமே! 1985இல் தொடர் பதினெட்டு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. 1986இல் பதினான்கே எபிசோடுகள். அதோடு அவரை அனுப்பிவிட்டார்கள். உடம்பு மாறும் கதைக்கு மட்டும் வந்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டதற்கு அவர் வர மறுத்துவிட்டார். யாராக இருந்தாலும் மறுப்பார்கள். அதனால் 1987இல் புது டாக்டர் சில்வெஸ்டர் மெக்காயே சுருட்டை முடி விக் ஒன்றை மாட்டிக்கொண்டு, முகம் சரியாகத் தெரியாதபடி படுத்து, பழைய டாக்டராகச் செத்துப் புது டாக்டராக எழுந்தார். தொலைக்காட்சி வரலாற்றில் இவ்வளவு கேவலமாக வழியனுப்பப்பட்ட கதாநாயகன் இன்னொருவர் உண்டா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டியது. 1999இல் பிக் ஃபினிஷ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் உரிமை வாங்கி, பழைய டாக்டர்களையே வைத்து ஒலி நாடகங்கள் தயாரித்து சிடியில் விற்க ஆரம்பித்தது. பேக்கரையும் கூப்பிட்டார்கள். வந்தார்.

ஒலி நாடகத்தில் கோட்டு கிடையாது.

இதுதான் என்னை இந்த வாரம் முழுக்க ஆட்டிவைத்த விஷயம். ஒருவரைப் பதினைந்து வருடம் முகமில்லாதவராக ஆக்கிவைத்த துணி ஒரே நாளில் காணாமல் போகிறது. மிச்சம் இருப்பது குரல். பேக்கரின் குரலோ மேடையில் பழகியது. ஒரே வாக்கியத்துக்குள் கர்வத்தில் தொடங்கிக் கிண்டலில் வளைந்து வருத்தத்தில் முடிக்கத் தெரிந்தது. 2001இல் 'டாக்டர் ஹூ மேகசின்' வாசகர்களிடம் ஒலி நாடகங்களில் சிறந்த டாக்டர் யார் என்று கேட்டபோது அவர்கள் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். தொலைக்காட்சி விரட்டிய அதே ஆளை. பிறகு ஓர் இணையக் கதையில் படம் வரையவேண்டி வந்தபோது அவருக்கு நீலக் கோட்டு போட்டார்கள். 2015இல் 'தி லாஸ்ட் அட்வென்ச்சர்' என்று ஒரு தொகுப்பு போட்டு, விக் இல்லாமல், அவர் குரலிலேயே ஒரு முறையான முடிவையும் கொடுத்தார்கள்.

குரல் மட்டும் போதுமா என்றால், போதாது. கத்துகிறவனை எதிர்த்துப் பேச ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஈவ்லின் ஸ்மைத்.

2000ஆம் ஆண்டில் ஜாக்குலின் ரேனர் எழுதிய 'தி மரியன் கான்ஸ்பிரசி'யில் வருகிறார். வயது 55. வரலாற்றுப் பேராசிரியை. சாக்லேட் கேக், கோகோ, கார்டிகன். அதுவரை டாக்டரோடு பயணம் செய்தவர்களில் பெரும்பாலோர், அது என்ன டாக்டர், இது என்ன டாக்டர் என்று கேட்கிற இளம்பெண்கள். இந்த அம்மாள் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் நடுவில் நுழைகிறார். காலத்தில் ஏதோ கோளாறு, அதன் மையம் நீங்கள்தான் என்கிறார். வரலாற்றிலிருந்தே தான் அழிந்துகொண்டிருப்பதாக ஒருவன் வந்து சொன்னால் நாமெல்லாம் அலறுவோம். ஈவ்லினுக்குப் பாடம் கெட்டுப்போனதுதான் எரிச்சல். நடுவில் ராணி மேரியின் காலத்துக்குப் போகிறார்கள். அங்கேயும் அவருக்குப் பயத்தைவிட ஆர்வம்தான் அதிகம். தான் பாடம் நடத்திய காலத்தை நேரில் பார்க்கக் கிடைத்தால் எந்த வாத்தியார் விடுவார்?

என் பெரியப்பா வானொலி நாடகங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில் யாரும் பேசக்கூடாது. மிக்ஸியை அணைக்க வேண்டும். ஒரு தடவை அண்ணன் தம்பி பாகப்பிரிவினை நாடகம். சண்டையே இன்னும் வரவில்லை, இருவரும் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரியப்பா கண்ணைத் திறக்காமலே, "சின்னவன் உம் கொட்டுறத நிறுத்திட்டான் பாரு. வீடு ரெண்டாகப் போவுது" என்றார். அடுத்த வாரம் ஆனது.

அவர் சொன்னது ஒலி நாடகத்தின் பாதி இலக்கணம். சினிமாவில் ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தைக் காட்டலாம். ஒலியில், வாய் மூடியவன் அறையிலேயே இல்லை. ஒருவன் கவனமாகக் கேட்கிறான் என்று காட்ட எழுத்தாளரிடம் இருப்பது இந்த உம் மட்டுமே. அல்லது பதில் வருவதற்கு முன் விழும் ஒரு மூச்சு. ஆறாவது டாக்டர் தொலைக்காட்சியில் யாருக்கும் உம் கொட்டியதே இல்லை. ஈவ்லினோடு வரும் முதல் சில நாடகங்களை வரிசையாகக் கேளுங்கள். அவர் ஆரம்பித்த சொற்பொழிவை ஈவ்லின் பாதியில் வெட்டுகிறார், இவர் வெட்ட விடுகிறார். கொஞ்ச நாளில் இவரே நிறுத்திவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று காத்திருக்கிறார். மனந்திருந்தும் காட்சி என்று ஒன்று தனியாக எழுதப்படவில்லை. ஒரு மனிதர் குறைவாகப் பேசப் பழகுகிறார், அவ்வளவுதான். டார்சி திட்டம் கடைசியில் பலித்தது இங்கேதான்.

2003இல் ரேனர் எழுதிய 'டாக்டர் ஹூ அண்ட் தி பைரேட்ஸ்' இதைத் தலைகீழாகச் செய்து பார்க்கிறது. ஈவ்லின் தன் மாணவி சாலியின் அறைக்கு வருகிறார். சாலிக்கு விருந்தாளி யாரும் வேண்டாம், போய்விடுங்கள் என்கிறாள். ஈவ்லின் போகாமல் உட்கார்ந்து ஒரு கடற்கொள்ளைக்காரர் கதை சொல்லத் தொடங்குகிறார். சுமாராகத்தான் சொல்கிறார். சாலி குறுக்கே கேள்வி கேட்கிறாள், கதை அதற்கேற்ப வளைகிறது. டாக்டரும் வந்து சேர்ந்துகொள்கிறார். ஒரு பாகம் முழுக்க கில்பர்ட்-சல்லிவன் பாணியில் பாட்டாகவே போகிறது. பேக்கர் மூச்சுவிடாமல் பாடுகிறார். இதென்ன கூத்து என்று கேட்கிறவன் நினைக்கும்போதுதான் பிடிபடும்: இவர்கள் இருவரும் சேர்ந்து நேரம் கடத்துகிறார்கள். அந்தப் பெண் தன்னை முடித்துக்கொள்ளும் முடிவோடு இருக்கிறாள். அவள் உம் கொட்டிக்கொண்டிருக்கும் வரை உயிரோடு இருப்பாள். அந்த வேடிக்கைக் கதைக்குள்ளேயே ஈவ்லின் சொல்லாமல் தள்ளிப்போட்டுவந்த ஒன்று இருக்கிறது. ஜெம் என்ற சின்னப் பையன், கப்பலில் எடுபிடி. அவனைக் காப்பாற்ற ஈவ்லினால் முடியவில்லை. கடைசியில் அதையும் சொல்கிறார், பாட்டு எதுவும் இல்லாமல்.

இந்த இருவருக்குள் எப்படி விரிசல் விழும் என்று நான் யோசித்ததுண்டு. விழுந்தது அதே வருடம், 'புராஜெக்ட்: லாசரஸ்' நாடகத்தில். கவன் ஸ்காட்டும் மார்க் ரைட்டும் எழுதியது. இரண்டு வருடம் முன்பு அவர்களே எழுதிய 'புராஜெக்ட்: ட்வைலைட்'டில் காஸி என்ற இளம்பெண், ஃபோர்ஜ் என்ற ரகசிய அமைப்பு நடத்திய ஆராய்ச்சியின் விளைவாக ரத்தக்காட்டேரி ஆகிறாள். மந்திரக் காட்டேரி இல்லை, ஆய்வுக்கூடக் காட்டேரி, கிருமிதான் காரணம். அவளுக்கு ஒரு சின்ன மகன். 'லாசரஸ்'ஸில் டாக்டர் ஒருவழியாக மருந்து கண்டுபிடித்து, ஈவ்லினோடு அவளைத் தேடிப் போகிறார். அதற்குள் ஃபோர்ஜ் அவளைப் பிடித்து, மனதை மாற்றித் தன் வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. மகனைப் பற்றிப் பேசிப் பேசி ஈவ்லின் அவளைப் பழைய காஸியாகத் திருப்புகிறார். திரும்பியவளை அமைப்பின் தலைவன் நிம்ராட் கொன்றுவிடுகிறான். மருந்து பெட்டியிலேயே இருக்கிறது.

காலத்தில் பின்னோக்கிப் போகத் தெரிந்தவரிடம் ஈவ்லின் கேட்கக்கூடியது ஒன்றுதான். டாக்டர் முடியாது என்கிறார். நடந்ததை மாற்றக்கூடாது, விதி அப்படி. சரியான பதில்தான். ஈவ்லினுக்குப் பொறுக்காதது அந்தப் பதில் இல்லை, அது வந்த விதம் என்று நான் நினைக்கிறேன். ஆயிரம் சாவு பார்த்தவரின் பழக்கம் அதில் இருக்கிறது. அடுத்து எங்கே போகலாம் என்று கேட்கும் அளவுக்குச் சீக்கிரம் தேறிவிடுகிறார். ஜெம்முக்கு அழுதவருக்கு, காஸிக்கும் அழுகிறவருக்கு, கூட இருப்பவர் அழாதது பெரிய குற்றம்.

பால் சட்டன் எழுதிய 'அரேஞ்மென்ட்ஸ் ஃபார் வார்' (2004) இந்தக் கசப்போடுதான் தொடங்குகிறது. சாப்பாட்டு மேசையில் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள், கேட்க அதுதான் வேதனை. விலாக் என்ற கிரகத்தில் இறங்குகிறார்கள். அங்கே ராசிட்டர் என்ற தலைவரை ஈவ்லின் சந்திக்கிறார். பின்னாளில் அவரையே மணந்து அங்கேயே தங்கிவிடுகிறார். ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்ணுக்கு விண்வெளி நாடகத்தில் காதல் எழுதிய தைரியத்துக்காகவே சட்டனுக்கு ஒரு வணக்கம் வைக்கலாம். டாக்டரும் ஈவ்லினும் முகத்துக்கு நேராகத் திட்டிக்கொண்டு பிரியவில்லை. பழையபடி சேரவும் இல்லை. நம் வீடுகளில் பெரும்பாலான சிநேகிதங்கள் இப்படித்தான் தேய்கின்றன. நாடக எழுத்தாளர்கள்தான் கதவை அறைந்து சாத்துவார்கள்.

பிக் ஃபினிஷ் நிறுவனத்தின் பல நாடகங்கள் லண்டனில் மோட் ஸ்டூடியோவில் பதிவானவை. நடிகர்கள் ஆளுக்கொரு சிறு கண்ணாடி அறையில், காதில் ஹெட்ஃபோனோடு நிற்பார்கள். ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் கலக்கக் கூடாது. அப்போதுதான் பிறகு தனித்தனியாக வெட்டி ஒட்டலாம், குகைக்குள் இருப்பவருக்குக் குகை எதிரொலி, வெளியே இருப்பவருக்குக் காற்று என்று சேர்க்கலாம். நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கிற இருவர் உண்மையில் தொட முடியாத தூரத்தில் நிற்கிறார்கள். நெருக்கமான காட்சிக்கு இது கொஞ்சம் சங்கடம்தான். மனக்கசப்புக் காட்சிக்கோ இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருவார்களாம்; அந்தச் சாப்பாடு அவர்கள் வட்டாரத்தில் பிரசித்தம்.

இனி ஹெக்ஸ். பக்கம் முடியப்போகிறது, தெரிகிறது.

2004இல் டான் ஆப்நெட் எழுதிய 'தி ஹார்வெஸ்ட்'டில் வருகிறான். முழுப்பெயர் தாமஸ் ஹெக்டர் ஸ்கோஃபீல்டு. லண்டனில் செயின்ட் கார்ட்ஸ் என்ற கற்பனை ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸ். நடித்தவர் பிலிப் ஒலிவியர், லிவர்பூல் பேச்சு நாக்கிலேயே இருக்கிறவர். இந்தக் காலத்தில் டாக்டர் ஏழாவது உடம்பில், மெக்காயின் குரலில் இருக்கிறார்: மெதுவான, சிரித்தபடியே ஆளைக் காய் நகர்த்துகிற டாக்டர். கூட ஏஸ் என்ற பெண், சோஃபி ஆல்ட்ரெட். ஹெக்ஸுக்கு எல்லாமே அதிசயம். டாக்டர் சொன்னால் போதும், குதிப்பான்.

அப்புறம் மெல்ல மெல்ல அந்த உற்சாகம் அடிவாங்குகிறது. சைமன் கெரியர் எழுதிய 'தி செட்லிங்' (2006) நாடகத்தில் 1649இல் அயர்லாந்தில், கிராம்வெல்லின் படை ஊர்களை அழிக்கும்போது நடுவில் மாட்டிக்கொள்கிறான். கிராம்வெல்லிடமே பேசிப் புரியவைத்துவிடலாம் என்று நம்புகிறான். முடியவில்லை. நர்ஸ் ஒருவனால் கட்டுப்போடத்தான் முடியும். 'தி ஏஞ்சல் ஆஃப் ஸ்கூடாரி' (2009) அவனை கிரிமியப் போருக்கு, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலிடம் கொண்டுபோகிறது. அங்கே அவனே குண்டடிபட்டு விழுகிறான். நாடகத்துக்கு நாடகம் ஒலிவியரின் குரல் தழைந்துகொண்டே போவதைக் கேட்கலாம். ஆரம்பத்தில் நிறுத்தாமல் ஜோக் அடித்தவன் பின்னால் பதில் சொல்லும் முன் யோசிக்கிறான்.

இதையெல்லாம் வேறு விதமாகக் கேட்கவைக்கிற ஒரு தகவல் நம்மிடம் இருக்கிறது, அவனிடம் இல்லை. 2005இல் வந்த சட்டனின் 'திக்கர் தன் வாட்டர்' நாடகத்தின் கடைசியில், ஏழாவது டாக்டர் ஈவ்லினைத் தேடிப்போய் ஒரு விஷயம் சொல்கிறார். காஸியின் மகன் இப்போது தன்னோடு பயணம் செய்கிறான்.

அந்த மகன்தான் ஹெக்ஸ்.

ஈவ்லினிடம் சொல்லத் தெரிந்த டாக்டருக்கு ஹெக்ஸிடம் சொல்லத் தெரியவில்லை. 2010இல் 'புராஜெக்ட்: டெஸ்டினி' வரும் வரை அவன் அறியாமல்தான் இருக்கிறான். அது வரைக்கும் புது சிடி வாங்கிய ஒவ்வொருவரும், டாக்டர் அவனைத் தட்டிக்கொடுக்கும்போதெல்லாம், இவன் அம்மா செத்ததைப் பார்த்த ஆள்தான் தட்டிக்கொடுக்கிறார் என்ற எண்ணத்தோடு கேட்டார்கள். கேட்கிறவனையே உடந்தையாக்கிவிட்டார்கள்! பையனை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளத்தான் டாக்டர் வாயை மூடிக்கொண்டார் என்று வாதாடும் ரசிகர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. ஈவ்லினிடம் கேட்கப் பழகிய மனிதர் உடம்பு மாறியதும் மறைக்கப் பழகிக்கொண்டார். ஈவ்லின் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லவைத்திருப்பார்.

உண்மை தெரிந்த நாளில் ஹெக்ஸ் என்ன செய்தான், ஏஸ் யார் பக்கம் நின்றாள், ஸ்டீவன் ஹால் எழுதிய 'எ டெத் இன் தி ஃபேமிலி' நாடகத்தில் ஹெக்ஸும் வயதான ஈவ்லினும் ஒரே கூரையின் கீழ் சந்திப்பதில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் அடுத்த வாரம். 'வுல்ஃப் 359' என்ற ஒலித்தொடரில் வரும் ஹீரா என்ற குரலைப் பற்றியும் எழுதுவதாக எப்போதோ சொன்ன நினைவு. அது அதற்கும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும் போலிருக்கிறது. கேட்க நினைப்பவர்கள் 'ட்வைலைட்', 'லாசரஸ்', 'அரேஞ்மென்ட்ஸ்' என்ற வரிசையில் கேளுங்கள். 'ஹார்வெஸ்ட்'டை நடுவில் நுழைக்காதீர்கள், 'திக்கர் தன் வாட்டர்' கடைசியில் இருக்கட்டும். 'பைரேட்ஸ்' எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். மூன்றாம் பாகத்தில் பாட்டுதானே என்று தள்ளிவிட்டு ஓடாதீர்கள்.

(தொடரும்)